ஏற்பியை நகர்த்துவது ஹார்மோனா, அதன் கூட்டாளிப் புரதங்களா?

வாசகர் கேள்வி — 2023 பிப்ரவரி 4

பாடநூலில் படித்த வரையில் விஷயம் எளிமையானது. ஸ்டீராய்டு ஹார்மோன் செல் சவ்வைக் கடந்து உள்ளே வருகிறது. சைட்டோபிளாசத்தில் காத்திருக்கும் ஏற்பியோடு, அதாவது அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தோடு, சேர்கிறது. இரண்டும் ஒன்றாக உட்கருவுக்குள் போகின்றன. ஏற்பியை நகர்த்துவது ஹார்மோன்தான் என்றும், சுற்றியுள்ள மற்ற புரதங்கள் வெறுமனே வேடிக்கை பார்க்கின்றன என்றும் நான் நினைக்கிறேன். அப்படியிருக்க, புரதங்களுக்கு இடையிலான பிணைப்புகளே ஏற்பியின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகின்றன என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுவது எதற்காக?

குறிப்பு — 2023 பிப்ரவரி 4, இரவு

வேடிக்கை பார்ப்பவை என்று நீங்கள் ஒதுக்கும் புரதங்களை எடுத்துவிட்டால் உங்கள் ஏற்பி ஹார்மோனைப் பிடிக்கவே பிடிக்காது. கார்ட்டிசோல் ஹார்மோனைப் பிடிக்கும் குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பியையே எடுத்துக்கொள்வோம். ஹார்மோன் இல்லாத செல்லில் அது தனியாக மிதப்பதில்லை. எச்எஸ்பி-90 என்ற புரதத்தின் இரண்டு மூலக்கூறுகள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பி-23 என்ற சிறு புரதம் அந்தப் பிடியை நிலைப்படுத்துகிறது. எஃப்கேபிபி-51 போன்ற இம்யூனோஃபிலின் வகைப் புரதம் ஒன்றும் உடன் ஒட்டியிருக்கிறது. ஹார்மோன் நுழைய வேண்டிய பள்ளத்தைத் திறந்த நிலையில் வைத்திருப்பதே எச்எஸ்பி-90-இன் வேலை என்பதால், அது விலகினால் ஏற்பியின் அந்தப் பகுதி சுருங்கி ஹார்மோனுக்கு இடம் தராமல் போய்விடுகிறது.

ஹார்மோன் உள்ளே உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, துணைகள் மாறுகின்றன, உட்கருவின் துளைக்கு வெளியே எச்எஸ்பி-90 கழன்று விழுகிறது, இம்போர்ட்டின் புரதங்கள் ஏற்பியை உள்ளே எடுத்துச் செல்கின்றன. ஸ்டீராய்டு ஏற்பிகள் அனைத்துக்கும் இதுதான் பொது வழி.

குறிப்பு — பிப்ரவரி 5

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டிய ஒரு பழைய சோதனை இது. 1987-இல் பிக்கார்டும் யமமோட்டோவும் குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பியில் ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தார்கள். ஹார்மோனே இல்லாமல் அந்த மொட்டை ஏற்பி உட்கருவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஹார்மோன்தான் தள்ளுகிறது என்றால் இது நடந்திருக்கக் கூடாது. உட்கருவுக்குப் போவதற்கான முகவரி ஏற்பியின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹார்மோன் பிடிக்கும் பகுதியும் அதைப் பற்றியிருக்கும் துணைப் புரதங்களும் சேர்ந்து அந்த முகவரியை மறைத்து வைத்திருக்கின்றன. ஹார்மோன் அந்த மறைப்பை விலக்குகிறது. தள்ளுவதும் தடையை விலக்குவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் இங்கே காக்கைக்கும் பழத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. ஆனால் பழத்தின் காம்பை யார் பிடித்திருந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குறிப்பு — பிப்ரவரி 7

ஹார்மோன் பிணைந்த பிறகும் துணைப் புரதங்கள் தேவைப்படுகின்றன என்பதற்கு என்ன சான்று என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, ஏனெனில் நான் சொன்ன எல்லாமே ஹார்மோன் பிணைவதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது.

கெல்டனாமைசின் என்ற பொருள் எச்எஸ்பி-90-ஐச் செயலிழக்கச் செய்கிறது. அதை முதலிலேயே செல்லில் சேர்த்தால் ஏற்பி ஹார்மோனையே பிடிக்காது, ஆகவே போக்குவரத்தைப் பற்றி எதுவும் தெரியவராது. இந்தச் சிக்கலைக் கடக்க 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் ஆய்வாளர்கள் செய்தது எனக்கு இன்றும் மிகவும் பிடித்த தந்திரம். செல்களைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டே ஹார்மோனைக் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் ஹார்மோன் ஏற்பியோடு பிணைந்துவிடுகிறது, ஆனால் ஏற்பி நகர்வதில்லை. பிறகு கெல்டனாமைசினைச் சேர்த்து, செல்களை 37 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணமாக இந்த ஏற்பி வெப்பநிலை திரும்பிய ஏறத்தாழ 5 நிமிடங்களில் பாதியளவு உட்கருவுக்குள் போய்விடும். கெல்டனாமைசின் இருந்தால் அதே பயணம் பல மடங்கு மெதுவாகிறது. ஹார்மோன் ஏற்பியின் மடியில்தான் இருக்கிறது, ஆனாலும் ஏற்பி தயங்கி நிற்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வெற்றி. ஆனால் அதே 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. செல்லுக்குள் பாதைகள்போல ஓடும் நுண்குழல் சட்டகத்தைக் கலைத்துவிட்டால் ஏற்பி வழக்கமான வேகத்திலேயே உட்கருவுக்குள் போகிறது. அப்போது கெல்டனாமைசின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. சட்டகம் முழுமையாக இருக்கும்போதுதான் எச்எஸ்பி-90 தேவைப்படுகிறது. ஆகவே எச்எஸ்பி-90-ஐ எஞ்சின் என்று நினைப்பது சரியல்ல. சட்டகம் நிறைந்திருக்கும் செல்லில் ஏற்பி அங்கங்கே ஒட்டிக்கொள்ளாமல் நுண்குழல் பாதையில் செல்ல உதவும் அமைப்பின் ஒரு பகுதி என்று சொல்வது பொருத்தம். பாதையையே அழித்துவிட்டால் ஏற்பி பரவல் மூலமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த முடிவை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அந்தக் கட்டுரையின் சிறந்த பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

திருத்தம் — பிப்ரவரி 8

4-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வாக்கியம் தவறு. ஸ்டீராய்டு ஏற்பிகள் அனைத்துக்கும் அது பொது வழி இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஹார்மோன் இல்லாதபோதே பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது. இதை அறிந்தே இருந்தும் அவசரத்தில் பாடநூல் வாக்கியத்தை நான் திருப்பிச் சொன்னேன். அந்தப் பாடநூலைத்தான் கேள்வி கேட்டவரிடம் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் கவனித்துவிட்டேன்.

இந்தத் தவறுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் இறுதியில் ஜென்சனின் குழுவினர் முன்வைத்த இரண்டு கட்ட விளக்கத்தின்படி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி முதலில் சைட்டோபிளாசத்தில் ஹார்மோனைப் பிடித்து, இரண்டாவது கட்டத்தில் உட்கருவுக்குள் இடம்பெயர்கிறது. சான்று மிகவும் வலுவாகத் தெரிந்தது: திசுவை அரைத்துச் சுழற்றிப் பிரித்தால், ஹார்மோன் கொடுக்காத திசுவில் ஏற்பி கரைசலில் கிடைத்தது, ஹார்மோன் கொடுத்த திசுவில் உட்கருப் பகுதியோடு கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது பாடமாக இருந்தது. 1984-இல் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. கிங்கும் கிரீனும் ஏற்பியை அடையாளம் காணும் ஒற்றைக்குல எதிர்ப்பொருள்களைக் கொண்டு செல்லை அரைக்காமலேயே பார்த்தார்கள். ஹார்மோன் இல்லாதபோதும் ஏற்பி உட்கருவில் இருந்தது. வெல்ஷன்ஸும் உடன் ஆய்வாளர்களும் செல்லிலிருந்து உட்கருவையே பிதுக்கி எடுத்துவிட்டு மிஞ்சிய சைட்டோபிளாசப் பையில் ஏற்பியைத் தேடினார்கள். மிகக் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் பழைய சோதனை எதைக் காட்டியது? ஹார்மோன் பிணையாத ஏற்பி உட்கருவில் தளர்வாக ஒட்டியிருக்கிறது. அரைக்கும்போது கசிந்து கரைசலுக்கு வந்துவிடுகிறது. ஹார்மோன் பிணைந்தது குரோமாட்டினோடு, அதாவது புரதங்களோடு சுருண்டிருக்கும் டிஎன்ஏவோடு, இறுக்கமாக இருப்பதால் கசிவதில்லை. அளந்தது இருப்பிடத்தை அல்ல, பிடிப்பின் இறுக்கத்தை. ஏற்பியின் இடம் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் அது யாரோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் என்ற எண்ணம் எனக்கு முதலில் இந்தக் கதையிலிருந்துதான் வந்தது.

குறிப்பு — பிப்ரவரி 9

குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பியும் அதே அரைக்கும் பிழைதானா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. ஒளிரும் புரதத்தை ஒட்டி, உயிருள்ள செல்லிலேயே அது சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ரோஜன் ஏற்பியும் அப்படியே.

குறிப்பு — பிப்ரவரி 12

கண்ணால் பார்க்கலாம் என்று எழுதியபோது என் சொந்த அனுபவம் நினைவுக்கு வந்து மூன்று நாளாக உறுத்துகிறது.

ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஒளிரும் குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பியைச் செல்களில் ஏற்றி, டெக்சாமெத்தசோன் என்ற செயற்கைக் குளுகோகார்ட்டிகாய்டைக் கொடுத்து, நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். ஹார்மோன் கொடுப்பதற்கு முன்பே பாதி செல்களில் உட்கரு பச்சையாக ஒளிர்ந்தது. டெக்சாமெத்தசோன் போடாமலேயே, எதுவுமே செய்யாமலேயே, ஏற்பி உள்ளே போய்விட்டது. ஹார்மோன் தேவைப்படாத புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் நம்பினேன். மூன்று வாரம் நம்பினேன். ஆய்வுக்கூடக் கூட்டத்தில் வரைபடங்களோடு பேசவும் செய்தேன்.

பேசி முடித்ததும் மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வளர்ப்பூடகத்தில் எந்தச் சீரம் போட்டாய்?” கன்றுச் சீரத்தை அப்படியே ஊற்றியிருந்தேன். சீரம் என்பது இரத்தத்திலிருந்து வருவது. இரத்தத்தில் கார்ட்டிசோல் இருக்கும். கரித்தூள் போட்டுக் கலக்கி ஸ்டீராய்டுகளை உறிஞ்சி எடுத்த சீரத்தைத்தான் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த முதல் பாடம். எனக்கும் தெரியும். அலமாரியில் கரித்தூள் சீரம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். என் ‘ஹார்மோன் இல்லாத’ செல்கள் வாரக்கணக்கில் ஹார்மோனில் குளித்துக்கொண்டிருந்தன.

சீரத்தை மாற்றிய பிறகும் சில செல்களில் ஏற்பி உட்கருவிலேயே இருந்தது. பெரும்பாலும் அவை மிகப் பிரகாசமாக ஒளிர்ந்த செல்கள், அதாவது தேவைக்கு அதிகமாக ஏற்பியை உற்பத்தி செய்தவை. ஒரு செல்லில் துணைப் புரதங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. வெளியிலிருந்து திணிக்கும் ஏற்பி அந்த எல்லையைத் தாண்டினால் துணை கிடைக்காத ஏற்பி என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதன் பிறகு மங்கலான செல்களை மட்டுமே எண்ணுவது என்று முடிவு செய்தேன். மங்கலான செல்கள் அழகான படம் தருவதில்லை என்பதால் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இரண்டாவது திருத்தம் — பிப்ரவரி 13

4-ஆம் தேதிக் குறிப்பில் இன்னொரு பிழை. அன்று இரவு நான் தூங்கியிருக்க வேண்டும். உட்கருத் துளைக்கு வெளியே எச்எஸ்பி-90 கழன்று விழுகிறது என்று எழுதினேன். நீண்ட காலம் அப்படித்தான் கருதப்பட்டது. கழன்றால்தான் ஏற்பியின் முகவரி வெளியே தெரியும் என்பது அதன் தர்க்கம். ஆனால் 2009-இல் வெளியான ஆய்வு வேறு படத்தைத் தருகிறது: எச்எஸ்பி-90-உம் அதோடு சேர்ந்த புரதங்களும் துளையின் புரதங்களோடும் இம்போர்ட்டினோடும் பிணைகின்றன, ஏற்பியை எச்எஸ்பி-90-ஓடு வேதிமுறையில் பிரிக்க முடியாதபடி ஒட்டிவைத்தாலும் அந்தக் கூட்டமைப்பு முழுதாகவே துளையைக் கடக்கிறது. கழற்றிவிடுவது துளைக்கு உள்ளேதான் நடக்கிறது.

இது சிறிய திருத்தமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எச்எஸ்பி-90 ஏற்பியைச் சைட்டோபிளாசத்தில் கட்டிப்போடும் காவலாளி என்ற படத்தை இது உடைத்துவிடுகிறது. கட்டிப்போடுவதும் கூட்டிச்செல்வதும் ஒரே புரதம்தான். எது எப்போது என்பது கூட்டமைப்பின் மற்ற உறுப்பினரைப் பொறுத்தது. அந்த உறுப்பினரைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன்.

குறிப்பு — பிப்ரவரி 18

எச்எஸ்பி-90 இரட்டையில் இம்யூனோஃபிலினுக்கு இருப்பது ஒரே இருக்கை. அதில் எஃப்கேபிபி-51 உட்காரலாம் அல்லது எஃப்கேபிபி-52 உட்காரலாம். இரண்டும் பார்ப்பதற்கு உடன்பிறந்தவை போலிருக்கும், நடத்தையில் எதிரெதிர். 2002-இல் காட்டப்பட்டது இது: ஹார்மோன் பிணைந்ததும் எஃப்கேபிபி-51 எழுந்துபோய் எஃப்கேபிபி-52 வந்து உட்காருகிறது, அதோடு சேர்ந்து டைனீன் என்ற இயக்கப் புரதமும் வருகிறது. டைனீன் நுண்குழல்களின் மேல் உட்கருவின் பக்கமாக நடக்கும் புரதம். ஆக ஹார்மோன் செய்தது ஓட்டுநரை மாற்றியதுதான். இருக்கையில் 51 தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் ஏற்பி ஹார்மோனைப் பிடிக்கும் வலுவும் குறைகிறது, உட்கருவுக்குள் போவதும் தாமதமாகிறது.

இதை ஒரு சோதனைக்குழாய் விளையாட்டு என்று ஒதுக்க நினைப்பவர்களுக்காக அணில் குரங்கு. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் இந்தச் சிறு குரங்கின் இரத்தத்தில் கார்ட்டிசோலின் அளவு மிக அதிகம். மனிதருக்கு அந்த அளவு இருந்தால் முகம் வீங்கி, தசை கரைந்து, குஷிங் நோயின் எல்லா அடையாளங்களும் தெரியும். குரங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏற்பி குறைபட்டிருக்கும் என்றுதான் முதலில் தேடினார்கள். முக்கியமான காரணம் ஏற்பிக்கு வெளியே கிடைத்தது: அந்தக் குரங்கின் செல்களில் எஃப்கேபிபி-51 பல மடங்கு அதிகம். இருக்கை எப்போதும் நிரம்பியே இருக்கிறது, ஏற்பிக்கு ஹார்மோனின் குரல் பாதிதான் கேட்கிறது, உடல் அதற்கு ஈடாகக் குரலை உயர்த்திவிட்டது. உங்கள் வேடிக்கை பார்க்கும் புரதம் ஒரு விலங்கினத்தின் ஹார்மோன் அளவையே தீர்மானிக்கிறது.

மனிதரிலும் எஃப்கேபிபி-51-ஐ உருவாக்கும் ஜீனை குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பியே தூண்டுகிறது. ஏற்பி உள்ளே போய்த் தன்னைத் தாமதப்படுத்தும் புரதத்தைத் தானே எழுதி வரவழைக்கிறது. கார்ட்டிசோலுக்கு இவ்வளவு நேரடியான கடிவாளம் செல்லுக்குள்ளேயே இருப்பது எனக்கு இன்னும் வியப்பு.

குறிப்பு — பிப்ரவரி 19

சுண்டெலிகளில் ஜீன்களை விரும்பிய நேரத்தில் நீக்கும் க்ரீ–ஈஆர்டி-2 முறையைப் பயன்படுத்தும் வாசகர் ஒருவர் கூர்மையாகக் கேட்கிறார். அந்த முறையில் க்ரீ என்ற நொதியோடு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஹார்மோன் பிடிக்கும் பகுதியை ஒட்டுகிறோம். அந்தப் பகுதியோடு பிணையும் டமாக்சிஃபென் மருந்தைக் கொடுக்கும் வரை நொதி உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. முழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஹார்மோன் இல்லாதபோதே பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது என்று நான் 8-ஆம் தேதி எழுதினேன். இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

இரண்டும் உண்மை. முழு ஏற்பியில் ஹார்மோன் பிடிக்கும் பகுதிக்கு வெளியே, டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதிக்கு அருகில், வலுவான உட்கரு முகவரிகள் இருக்கின்றன. அவை ஹார்மோனைக் கேட்டு இயங்குவதில்லை. ஒட்டுப் புரதத்தில் அவை பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன, எஞ்சியது எச்எஸ்பி-90 பிடித்துக்கொள்ளும் துண்டு. அந்தத் துண்டு எதனோடு ஒட்டினாலும் அதை எச்எஸ்பி-90-இன் பிடிக்குள் இழுத்துவிடுகிறது. அதாவது எச்எஸ்பி-90 ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் பிடித்துதான் இருக்கிறது, ஆனால் உட்கருவுக்கு இழுக்கும் பக்கம் அங்கே வலுவானது. இழுபறியில் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதுதான் வேறுபாடு. இந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

புராஸ்டேட் புற்றுநோயில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் ஏஆர்-வி7 என்ற குறுகிய வடிவத்தில் ஹார்மோன் பிடிக்கும் பகுதியே இல்லை. அது ஹார்மோனைக் கேட்காமல் உட்கருவுக்குப் போகிறது, நுண்குழல் பாதையையும் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. ஹார்மோனை வற்றச் செய்யும் சிகிச்சைக்கு அந்தச் செல்கள் மசியாமல் போவதன் காரணங்களில் அதுவும் ஒன்று. 1987-இன் மொட்டை ஏற்பியை நோய் தானாகவே செய்துகொண்டது.

குறிப்பு — பிப்ரவரி 26

இந்த உரையாடல் ஸ்டீராய்டுகளிலேயே சுற்றுகிறது, செல் சவ்வில் இருக்கும் ஏற்பிகள் என்ன ஆயின என்று கேட்கிறார்கள். அங்கே பயணம் எதிர்த்திசையில். அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா-2 ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. ஹார்மோன் வந்ததும் உள்ளே இழுக்கப்படுகிறது. ஹார்மோன் பிடித்த ஏற்பியின் வாலில் ஒரு நொதி பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய வாலைப் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் பிடிக்கிறது. அரெஸ்டின், சவ்வைப் பையாக வளைக்க உதவும் கிளாத்ரின் என்ற புரதத்தையும் பிடிக்கும் என்பதால், சவ்வு அந்த இடத்தில் குழிந்து ஒரு சிறு பையாக உள்ளே வருகிறது. இந்த ஏற்பிக் குடும்பத்தின் ஆய்வுக்காக லெஃப்கோவிட்ஸும் கொபில்காவும் 2012-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

எனக்குச் சுவையானது உள்ளே வந்த பிறகு நடப்பது. பீட்டா-2 ஏற்பி பெரும்பாலும் மேற்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது. அதற்கான காரணம் வாலின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள்: அஸ்பார்டேட், செரீன், லியூசின், லியூசின். அந்த நுனியில் ஒரே ஒரு அலனினைக் கூடுதலாக ஒட்டினால் போதும், ஏற்பி திரும்பாமல் லைசோசோமுக்குப் போய் அழிகிறது. இந்த நான்கெழுத்து நுனியை, வழக்கமாக அழிவுக்குப் போகும் டெல்டா ஓபியாய்டு ஏற்பியின் வாலில் ஒட்டினால் அது திரும்பி வருகிறது. நானூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தின் விதியைக் கடைசி நான்கு முடிவு செய்கின்றன.

இதற்குள்ளேயும் ஒரு பாடநூல் திருத்தம் இருக்கிறது. 1999-இல் இந்த நுனியைக் கண்டறிந்தபோது, அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவது ஈபிபி-50 என்ற புரதம் என்று கருதினார்கள்; அது உண்மையிலேயே அந்த நுனியோடு பிணையும். ஆனால் 2010-இல், உள்ளே வந்த பைகள் சேரும் எண்டோசோமில் அந்த வேலையைச் செய்வது அதே நுனியைப் பிடிக்கும் எஸ்என்எக்ஸ்-27 என்ற வேறொரு புரதம் என்றும், அடுத்த ஆண்டு, அது ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டமைப்போடு சேர்ந்து இயங்குகிறது என்றும் காட்டினார்கள். பிணைகிறது என்று காட்டுவதும் அந்தப் பிணைப்புதான் காரணம் என்று காட்டுவதும் ஒன்றல்ல. இரண்டு புரதங்களைச் சோதனைக்குழாயில் ஒன்றாக இழுத்து எடுத்துவிட்டு ‘ஒழுங்குபடுத்துகிறது’ என்று தலைப்பு வைக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்கிறேன். அப்படித் தலைப்பு வைத்தவர்களில் நானும் ஒருவன்.

குறிப்பு — பிப்ரவரி 27

அரெஸ்டின் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். பீட்டா-2 ஏற்பியை அது சவ்வின் அருகிலேயே விட்டுவிடுகிறது. சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசினின் வி-2 ஏற்பியை எண்டோசோம் வரை பற்றிக்கொண்டே போகிறது; அந்த ஏற்பி மெதுவாகத்தான் திரும்புகிறது. இரண்டின் வால்களையும் மாற்றி ஒட்டினால் பழக்கங்களும் மாறிவிடுகின்றன. வாலை மாற்றிக்கொண்ட நரிக் கதை எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

குறிப்பு — மார்ச் 5

துணைப் புரதம் இல்லாமல் ஏற்பி மேற்பரப்புக்கே வராத நிலையும் உண்டு. கேள்வி கேட்டவருக்கு நான் கொடுக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, முதல் நாளே இதிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோனின் ஏற்பியை அட்ரினல் அல்லாத செல்களில் உற்பத்தி செய்ய முயன்றவர்கள் பல ஆண்டுகள் தோற்றார்கள். ஜீன் சரி, புரதம் உருவாகிறது, ஆனால் அது புரதங்கள் உருவாகி மடியும் எண்டோபிளாச வலைப்பின்னலில் சிக்கிக்கொண்டு மேற்பரப்புக்கு வருவதில்லை. அட்ரினலிலிருந்து வந்த செல்களில் மட்டும் வேலை செய்தது. அங்கே வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு பக்கம், குடும்பவழிக் குளுகோகார்ட்டிகாய்டு குறைபாடு என்ற நோயோடு பிறக்கும் குழந்தைகள் இருந்தார்கள்: இரத்தச் சர்க்கரை விழும், தோல் கறுக்கும், தொற்றுகள் கடுமையாகும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே ஏற்பியின் ஜீனில் பிழை இருந்தது. 2005-இல் இரண்டு புதிர்களும் ஒன்றாக அவிழ்ந்தன. எம்ஆர்ஏபி என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு புரதத்தின் ஜீன் மற்றொரு பகுதிக் குழந்தைகளில் பழுதாகியிருந்தது. அந்தப் புரதம்தான் ஏற்பியை மேற்பரப்புக்கு அழைத்து வருவது. அந்தக் குழந்தைகளுக்கு ஹார்மோன் ஏராளமாக இருக்கிறது, ஏற்பியின் ஜீனில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அழைத்து வருபவர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1998-இல், இதைவிட விசித்திரமான ஒன்று தெரியவந்திருந்தது. கால்சிடோனின் ஏற்பியை ஒத்த ஓர் ஏற்பி, ராம்ப்-1 என்ற துணைப் புரதத்தோடு மேற்பரப்புக்கு வந்தால் சிஜிஆர்பி என்ற பெப்டைடைப் பிடிக்கிறது. ராம்ப்-2-ஓடு வந்தால் அட்ரினோமெடுலின் என்ற வேறொரு பெப்டைடைப் பிடிக்கிறது. அழைத்து வருபவரே ஏற்பி யாருக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறார். ஒற்றைத் தலைவலிக்கான எரெனுமாப் மருந்து குறிவைப்பது அந்த ஏற்பியும் ராம்ப்-1-உம் சேர்ந்த கூட்டைத்தான்.

குறிப்பு — மார்ச் 6

நேற்றையதற்கு ஒரு பின்னொட்டு. வி-2 ஏற்பியின் பல மரபுப் பிழைகள் அதை எண்டோபிளாச வலைப்பின்னலில் சிறைப்படுத்தி, சர்க்கரை நோயோடு தொடர்பில்லாத சிறுநீரக நீரிழிவு (நெஃப்ரோஜெனிக் டயபெட்டிஸ் இன்சிபிடஸ்) என்ற தீராத் தாகத்தை உண்டாக்குகின்றன. செல்லுக்குள் நுழையக்கூடிய, ஏற்பியைத் தடுக்கும் பொருள் ஒன்றை இந்த ஏற்பிகள் உள்ள செல்களுக்குக் கொடுத்தால், அது ஏற்பியின் மடிப்பைச் சரிசெய்து மேற்பரப்புக்கு வரச்செய்கிறது என்று 2000-இல் காட்டினார்கள். ஏற்பியைத் தடுக்க வந்த மருந்தே அதற்குத் தோள் கொடுத்தது. துணையாக இருக்கப் புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதால் இது என் வாதத்துக்குச் சிறு அடி, ஏற்றுக்கொள்கிறேன்.

குறிப்பு — மார்ச் 19

முதல் கேள்வியை எழுதியவர் திரும்பி வந்து, ஹார்மோனுக்கு எந்தப் பங்கும் இல்லை, எல்லாம் துணைப் புரதங்களின் வேலை என்று ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை. எஃப்கேபிபி-51 எழுந்து 52 உட்காருவதற்கு ஹார்மோன் வேண்டும். அரெஸ்டின் வாலைப் பிடிக்க வாலில் பாஸ்பேட் வேண்டும், அதற்கு அட்ரினலின் வேண்டும். ஹார்மோன் ஏற்பியின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறியதால் யார் ஒட்டுவது, யார் விலகுவது என்பது மாறுகிறது. இடம் அதன் விளைவு.

நான் மாற்ற விரும்புவது ‘இடம்’ என்ற சொல்லைத்தான். புரோஜெஸ்டிரோன் ஏற்பி படத்தில் எப்போதும் உட்கருவில் தெரியும். 1991-இல் அந்த ஏற்பி உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் ஒன்றாக இணைத்து, புதிய புரதம் உருவாவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்; சிறிது நேரத்தில் ஏற்பி இரண்டாவது உட்கருவிலும் இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது ஓயாமல் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. செல்லின் ஆற்றலை வற்றவைத்தால் அது சைட்டோபிளாசத்தில் தேங்குகிறது, ஏனெனில் உள்ளே வருவதற்கு ஆற்றல் தேவை, வெளியே கசிவதற்குத் தேவையில்லை. குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பி டிஎன்ஏவின் மேல் ஹார்மோன் இருக்கும் வரை பூட்டுபோல் அமர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையும் 2000-இல் தகர்ந்தது. ஒளிரும் ஏற்பியை ஒரு புள்ளியில் வெளுக்கச் செய்துவிட்டுப் பார்த்தபோது சில விநாடிகளில் புதியவை வந்து அந்த இடத்தை நிரப்பின. நாம் எடுக்கும் படம் வருகைக்கும் போக்குக்கும் இடையிலான நிலுவை மட்டுமே.

மூன்று வாரம் நான் நம்பிய பச்சை உட்கருக்களும் அப்படிப்பட்ட நிலுவைதான். கன்றின் கார்ட்டிசோல் வருகைப் பக்கத்தை ஏற்றிவிட்டிருந்தது.

சிறு திருத்தம் — மார்ச் 20

பிப்ரவரி 12 குறிப்பைப் படித்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு வேலை செய்யும் ஒருவர், கரித்தூள் சீரம் மட்டும் போதுமா என்று கேட்கிறார். போதாது. வளர்ப்பூடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பீனால் ரெட் சாயம் ஈஸ்ட்ரோஜனைப் போல வலுக்குறைவாகச் செயல்படுகிறது என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். சாயமில்லாத ஊடகத்தை வாங்குங்கள். குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கு அந்தச் சாயத்தால் தொல்லை இல்லை. என் தவறுக்கு அதன் மீதும் பழி போட முடியவில்லை.